குளிர்காலக் காட்டில் ஒரு கூடாரம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் சென்ற ஆண்டுக் கூடுகையில், மாலை அமர்வில் ஆற்றிய உரை. திரையில் காட்டிய படங்களை இங்கே அச்சிட இயலவில்லை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"வெளிநாட்டில் முன்னேறுவது எப்படி" என்று பேசச் சொல்லித்தான் செயலாளர் முதலில் எழுதியிருந்தார். "ஐயா, அது எனக்குத் தெரியாத விஷயம், குளிரில் உட்கார்ந்து குருவியைப் படம் எடுப்பது எப்படி என்று வேண்டுமானால் சொல்கிறேன்" என்று பதில் போட்டேன். அவர் பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டார். ஆகவே குறை ஏதும் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள்.

என்னைத் தெரியாத இளைஞர்களுக்காக இரண்டு வரி. இந்தக் கல்லூரியில் விலங்கியல் இளங்கலை படித்தவன். பிறகு இங்கிலாந்து போய் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் மைக்ராஸ்கோப்பைக் குனிந்து பார்த்தே ஓய்வு பெற்றேன். குனிந்த முதுகை நிமிர்த்தத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப்பக்கம் போக ஆரம்பித்தேன். அங்கேயும் கடைசியில் குனிந்து உட்காரும் வேலைதான் வாய்த்தது!

நான் போகும் காடு குளொஸ்டர்ஷயரில் இருக்கிற டீன் காடு. செவர்ன், வை என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருப்பது. ஓக் மரங்கள் நிறைந்தது. இந்த ஓக் மரங்களுக்கு ஒரு கதை உண்டு. போர்க்கப்பல் கட்ட மரம் பற்றாது என்று பயந்து 1808-ல் பாராளுமன்றத்தில் சட்டமே போட்டு அங்கே ஓக் நட்டார்கள். ஓக் என்ன நம் சவுக்கா, நாலைந்து வருஷத்தில் வெட்ட? அது முற்றுவதற்குள் இரும்புக் கப்பல் வந்துவிட்டது. அன்று நட்டதில் இன்னமும் நிற்கிற மரங்கள் உண்டு. கடற்படைக்கு என்று வளர்த்தது மரங்கொத்திக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் காட்டை ஒட்டி ஒரு விவசாயிக்குச் சொந்தமான தோப்பு இருக்கிறது. அவருடைய அனுமதியோடு அதில்தான் நான் கூடாரம் போட்டிருக்கிறேன்.

கூடாரம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஆளுயரம்கூட இல்லாத, இலை நிறத் துணிக் கூண்டு. உள்ளே ஒரு முக்காலி. முன்பக்கம் ஒரு ஓட்டை, அதில் வலைத்துணி, அதன் வழியே லென்ஸின் மூக்கு மட்டும் எட்டிப் பார்க்கும். ஆங்கிலத்தில் 'ஹைடு' என்பார்கள். வேட்டைக்காரர்கள் காலங்காலமாகச் செய்ததுதான். படக்காரர்கள் கைக்கு அது வந்த கதை மட்டும் கொஞ்சம் வேடிக்கை. யார்க்ஷயரைச் சேர்ந்த ரிச்சர்டு, செர்ரி என்ற கீர்ட்டன் சகோதரர்கள், 1900-ல் ஒரு மாட்டின் தோலைப் பதப்படுத்தி, உள்ளே வெற்றிடம் விட்டுப் பொம்மை மாடாக நிறுத்தி, அதன் வயிற்றுக்குள் கேமராவோடு ஆள் நுழைந்து நின்று படம் எடுத்தார்கள். ட்ராய் நகரத்துக் குதிரை மாதிரி! அவர்களுக்கு அடுத்த தலைமுறையில் எரிக் ஹாஸ்கிங் என்று ஒரு மேதை. 1937-ல் ஆந்தைக் கூட்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்த மறைவிடத்துக்கு இருட்டில் போனபோது, தாய் ஆந்தை நகத்தால் கீறி அவருக்கு இடது கண்ணே போய்விட்டது. மனிதர் விடவில்லை. ஒற்றைக் கண்ணோடு இன்னும் ஐம்பது வருஷம் பறவைகளைப் படம் எடுத்தார். 1991-ல் காலமானார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்துப் பறவைப் படம் என்றாலே கூட்டுப் படம்தான். முட்டை, குஞ்சு, தாய்ப்பறவை. கூட்டை விட்டுப் பறவை எங்கே போய்விடும்? திரும்பி வந்துதானே ஆக வேண்டும்? கனமான கேமராவை வைத்துக்கொண்டு எடுக்க அதுதான் சுலபம். ஆனால் தாய் பயந்து ஒதுங்கினால் முட்டை குளிர்ந்துவிடும், குஞ்சை ஜே எனும் காக்கை இனத்துப் பறவை தூக்கிப் போய்விடும். 1981-ல் வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி, அந்த நாட்டில் குறிப்பிட்ட சில இனங்களைக் கூட்டருகே கலைப்பதற்கு முன்கூட்டியே உரிமம் வேண்டும். என் போன்ற பொழுதுபோக்குக்காரன் கூட்டுப்பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்பது என் கட்சி. அதனால்தான் நான் குளிர்காலத்துக்காரன். கூடு கிடையாது, குஞ்சு கிடையாது, இலை உதிர்ந்து கிளையெல்லாம் வெட்டவெளி. பசி பறவையை நம் பக்கம் கொண்டுவரும்.

ஆனால் இந்தப் 'பசி' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்றைக்கு நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

டிசம்பர் கடைசியில் அங்கே காலை எட்டேகால் மணிக்குச் சூரியன் உதிக்கும், மாலை நாலு மணிக்கு மறைந்துவிடும். பகல் என்பது எட்டு மணி நேரம்கூட இல்லை. உச்சிப் பொழுதிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து பதினைந்து டிகிரி உயரத்தைத் தாண்டாது. நீல டிட் என்று ஒரு குருவி. நீலத் தொப்பி, மஞ்சள் வயிறு. நம் நீலகிரியிலும் ஏற்காட்டிலும் பார்க்கிற பட்டாணிக் குருவிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் எடை பதினோரு கிராம். இப்போதைய ஒரு ரூபாய் நாணயம் மூன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், அவ்வளவுதான். அந்த மூன்று ரூபாய் உடம்பு, வெளியே பனி உறையும்போதும் உள்ளே நாற்பது டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், பதினாறு மணி நேர ராத்திரி முழுக்க! அடுப்புக்கு விறகு எங்கே? அன்றைக்குப் பகலில் தின்று சேர்த்த கொழுப்புதான். ஒரே இரவில் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு வரை எரிந்து போய்விடும். விடியும்போது பணப்பை காலி. மறுபடி முதலிலிருந்து. அன்றாடம் காய்ச்சி என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான ஜீவன் கிடையாது.

இன்னும் சிறியவை உண்டு. கோல்ட்கிரெஸ்ட் என்று ஒன்று, ஐந்தாறு கிராம்தான். ரென் என்று ஒன்று, வாலைத் தூக்கிக்கொண்டு எலி மாதிரி புதருக்குள் ஓடும், ஒன்பது பத்து கிராம். பகலில் ரென் மகா சண்டைக்காரன், பக்கத்தில் இன்னொரு ரென்னைச் சேர்க்காது. கடுங்குளிர் ராத்திரியில் மட்டும் எல்லாம் ஒன்றுகூடி அடைந்துகொள்ளும். 1969-ல் நார்ஃபோக் பகுதியில் ஒரே ஒரு மரப்பெட்டிக் கூட்டிலிருந்து 61 ரென் வந்ததாகக் கணக்கு இருக்கிறது. நம் டவுன் பஸ் தோற்றது போங்கள். 1962-63 குளிர்காலம் அங்கே ஒரு பெரும் பஞ்சம் போல வந்தது. வாரக்கணக்கில் பனி உருகவில்லை. அந்த ஒரு குளிர்காலத்தில் பிரிட்டனின் ரென்களில் ஐந்தில் நான்கு பங்கு அழிந்தது.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கூடாரத்துக்கு வாருங்கள். நான் ஒரு பறவையை ஒரு தரம் விரட்டினால் என்ன? ஒன்றும் ஆகாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் விரட்டினால்? எட்டு மணி நேரப் பகலில் அது எத்தனை விதையை இழக்கும்? மறைவுக் கூடாரம் என்பது பறவையை ஏமாற்றுகிற தந்திரம் என்றே பலபேர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. எதிரே ஒரு மனிதன் இருக்கிறான் என்று கவலைப்படும் செலவை அந்தப் பறவைக்கு மிச்சப்படுத்துகிற ஏற்பாடு அது.

சரி, நடைமுறை. விடிவதற்கு முன் இருட்டிலேயே உள்ளே போய்விட வேண்டும். பகலில் போக வேண்டி வந்தால் பழைய படக்காரர்களின் வழி ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் கூடாரத்துக்குள் நுழைவது, ஒருவர் மட்டும் வெளியே வந்து எல்லாரும் பார்க்க நடந்து போய்விடுவது. பறவைக்கு அந்தக் கூட்டல் கழித்தல் சரியாக வராது. ஆள் போய்விட்டான் என்று இறங்கிவிடும். என் வீட்டம்மாள்தான் அந்த வெளியே போகிற ஆள். "இதுக்குத்தான் என்னைக் கட்டிக்கிட்டு இங்க வந்தீங்களா" என்று ஒவ்வொரு தரமும் கேட்பாள். ஆனாலும் வருவாள்.

உள்ளே உட்கார்ந்தால் முதல் எதிரி கால். கம்பளிச் சாக்ஸ் இரண்டு போட்டாலும் நிலத்தின் குளிர் ஏறிவரும். பெட்டிகளில் வருகிற தெர்மோகோல் பலகை ஒன்றைக் காலடியில் போட்டுக்கொள்ளுங்கள், சாக்ஸை விட அது மேல். இரண்டாவது எதிரி நம் மூச்சு. கண்ணாடி போட்டவர்களுக்குத் தெரியும், மூச்சு பட்டு வியூஃபைண்டர் பனி மூடிவிடும். குல்லாயைக் கீழே இழுத்து, மூச்சை மார்புப் பக்கம் விடப் பழக வேண்டும். ஃப்ளாஸ்கில் நான் கொண்டுபோவது மிளகு ரசம். காபி குடித்தால் ஒரு மணி நேரத்தில் வெளியே போக வேண்டி வரும், பெரியவர்களுக்குப் புரியும்.

படம் எடுக்கும் இடத்தைத் தயார் செய்வதுதான் பாதி வேலை. கூடாரத்திலிருந்து ஐந்தாறு மீட்டரில், பாசி படிந்த பழைய கிளை ஒன்றை நட்டுவைப்பேன். அதன் பின்னால் பத்துப் பதினைந்து மீட்டருக்கு எதுவும் இருக்கக் கூடாது. அப்போதுதான் பின்னணி மெழுகினாற்போல் வரும். கிளையின் மறுபக்கம், கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில், சிறு துளை போட்டுச் சூரியகாந்தி விதையை அடைத்து வைப்பேன். பறவை வந்து உட்கார்ந்து, ஒரு கணம் சுற்றும்முற்றும் பார்க்கும். அந்த ஒரு கணம்தான் நமக்கு. வெளிச்சம் குறைவு என்பதால் ஐ.எஸ்.ஓ. 3200 வரை ஏற்ற வேண்டியிருக்கும். ஃபிலிம் காலத்தில் இதெல்லாம் கனவு. சத்தமே இல்லாத ஷட்டர் உள்ள இப்போதைய கேமராக்கள் பறவைக்கும் ஒரு வரம்.

"தீனி வைத்து எடுத்துவிட்டு அதைத் தீனி தெரியாமல் மறைப்பது மோசடி அல்லவா?" என்று அங்கே ஒரு படக்கழகத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதுதான் என் பதில். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை சிரிப்பதும் படக்காரர் சொல்லித்தானே!

கிளையில் நடக்கிற நாடகம் வேறு. அங்கே ஒரு சாதி அடுக்கே இருக்கிறது, வெட்கக்கேடு. நத்தாட்ச் என்று மரத்தில் தலைகீழாக இறங்குகிற பறவை வந்தால் பெரிய டிட் விலகும். பெரிய டிட் வந்தால் நீல டிட் விலகும். கடைசியில் கோல் டிட் என்ற குட்டி, யாரும் இல்லாத அரை வினாடியில் பாய்ந்து ஒரு விதையைக் கவ்விக்கொண்டு ஓடி, அதை எங்கேயோ பாசிக்குள் ஒளித்துவிட்டு மறுபடி வரும். ஓரமாக இருந்துகொண்டே சேமிக்கிற ரகம். ஜே வந்தால் எல்லாரும் காலி. ஓக் கொட்டைகளை இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கில் புதைத்துவைத்து, பனிக்காலத்தில் தோண்டித் தின்னும் புத்திசாலி அது. லென்ஸ் ஒரு அங்குலம் அசைந்தால் கண்டுபிடித்துவிடும். இவ்வளவு கூச்சலும் ஒரு நொடியில் அடங்கினால், நம் வல்லூறுக்குப் பங்காளியான ஸ்பேரோஹாக் வந்துவிட்டது என்று அர்த்தம். தீனி வைப்பவன் அதற்கும் சேர்த்துத்தான் பந்தி போடுகிறான்.

தீனி என்றதும் நம் ஊர் நினைவு வராமல் இருக்குமா? வேர்க்கடலை! அங்கே குருவிகளுக்கு வேர்க்கடலை என்றால் உயிர். கம்பிவலைக் கூண்டில் போட்டு வைப்பார்கள். ஆனால் அதில் ஒரு விஷயம் உண்டு, விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூத்த பூஞ்சக்காளான்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஈரக் கடலையை மூட்டை கட்டினால் என்ன ஆகும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும்; ஆய்வுக்கூடத்துக்கு 1960 வரை தெரியவில்லை. பரிசோதனை செய்து சான்று போட்ட கடலையைத்தான் நான் வாங்குவேன். விலை கூடுதல்தான்.

இனி, நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்த சம்பவம்.

2006 நவம்பர் கடைசி. கிரீன்ஃபிஞ்ச் என்று ஒரு பறவை உண்டு, ஊர்க்குருவியை விடச் சற்றுப் பருமன், இலைப்பச்சையும் இறகில் மஞ்சள் கோடும். கூட்டமாக வந்து தீனிக் குழாயை மொய்த்துக்கொள்ளும். கூச்ச சுபாவம், கிட்டே வராது. அன்று காலை பத்தரை மணிக்கு ஒன்று வந்து என் கிளையில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். உறைபனிக்குப் பிறகு வந்த வெயில், பக்கவாட்டில் பொன்னிறமாக அதன் மேல் விழுகிறது. இறகை உப்பிக்கொண்டு பஞ்சுருண்டை போல் இருக்கிறது. அசையவே இல்லை. படக்காரன் பத்து வருஷம் காத்திருந்தாலும் கிடைக்காத காட்சி. அன்றைக்கு என்னோடு உள்ளே இருந்தவர் அந்த ஊர்ப் படக்கழகத்து நண்பர். "எடு, எடு" என்று என் முழங்கையை இடிக்கிறார்.

நான் லென்ஸ் வழியே பார்த்தது வேறு. அலகின் ஓரம் ஈரம். பாதி மென்ற விதை அலகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விழுங்கப் பார்க்கிறது, முடியவில்லை. கழுத்தை நீட்டுகிறது, மறுபடி வெளியே தள்ளுகிறது. அந்தத் துணுக்கு கீழே பலகையில் விழுகிறது. இன்னொரு கிரீன்ஃபிஞ்ச் வந்து அதே பலகையில் பொறுக்கித் தின்கிறது.

இந்தக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு ஆய்வுக்கூடத்தில் ஓரணு உயிர்கள் என்று ஒரு பாடம் இருந்தது. ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியை, அதன் நாலு கசையிழைகளோடு ரெக்கார்டு நோட்டில் வரைந்து கையெழுத்து வாங்கினோம். என்னுடையதை எங்கள் பேராசிரியர் மூன்று தரம் திருப்பித் தந்தார். "கசையிழை எங்கேப்பா முளைக்குது? முடி மாதிரி போட்டு வச்சிருக்கே!" என்றார். புறாக்களின் தொண்டையில் இது புண்ணாக்கி, இரை இறங்காமல் பட்டினி போட்டுக் கொல்லும் என்று அன்று அவர் சொன்னது நினைவில் இருந்தது. புறாவின் நோய் ஃபிஞ்ச்களுக்கும் தாவியிருப்பது பிரிட்டனில் 2005-ல்தான் முதலில் கண்டறியப்பட்டது. எச்சில் பட்ட தீனியிலும் தண்ணீரிலும் பரவுவது. ஆக, என் எதிரே பொன்வெயிலில் உட்கார்ந்திருந்தது பயம் விட்ட பறவை அல்ல. பறக்கத் தெம்பில்லாத பறவை.

அலகு தெளிவாகத் தெரியும்படி இரண்டே படம் எடுத்தேன், நோயை ஆராய்பவர்களுக்கு அனுப்புவதற்காக. பிறகு கூடாரத் துணியை விலக்கி வெளியே வந்துவிட்டேன். தீனிக் குழாய், பலகை, தண்ணீர்த் தட்டு எல்லாவற்றையும் இறக்கி, கீழே சிந்தியிருந்ததையும் வாரி மூட்டை கட்டினேன். நண்பருக்கு ஒரே வருத்தம். "சீசன் இப்பதானே ஆரம்பிக்குது, ஒரு நோய்ப்பட்ட பறவைக்காக மொத்தத்தையும் மூடுவாயா? பசியோட வர்ற மத்த குருவிங்க கதி என்ன?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் அர்த்தம் இருக்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். தீனி பழக்கிய பிறகு நிறுத்துவது எளிய முடிவல்ல. ஆனால் நவம்பரில் நிறுத்தினால் அவை கலைந்து போய்க் காட்டில் மேயும். உறைபனி இறுகாத காலம், காட்டில் கொட்டையும் பழமும் மிச்சம் உண்டு. பந்தியிலேயே நஞ்சு இருக்கும்போது பசிக்குப் பரிமாறுவது என்ன தர்மம்? அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தக் கிளையில் நான் ஒரு படமும் எடுக்கவில்லை. நண்பர் வேறு தோப்புக்குப் போனார். இரண்டு வருஷம் எங்களுக்குள் பேச்சு கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.

அந்த நோயின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் சுமார் 43 லட்சமாக இருந்த கிரீன்ஃபிஞ்ச்கள் 2009-க்குள் சுமார் 28 லட்சமாகக் குறைந்தன. சரிவு அதோடு நிற்கவில்லை. 2021-ல் அந்தப் பறவை அந்த நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. துப்பாக்கியால் அல்ல, பொறியால் அல்ல. அன்போடு வீட்டுக்கு வீடு தொங்கவிட்ட தீனிக் கூடுகள் நோய் பரவ வழியாக இருந்தன என்பதுதான் மனதை அறுக்கிற செய்தி.

அதற்கப்புறம் என் ஏற்பாடே மாறிவிட்டது. தட்டையான பலகை கிடையாது. அன்றன்றைக்குத் தீர்கிற அளவு தீனி, ஒரு பிடி கூடக் கூடாது. வாரா வாரம் கழுவி, நன்றாகக் காயவைப்பேன். அந்த ஒட்டுண்ணிக்குக் காய்ச்சல் ஆகாது, ஈரம் போனால் செத்துவிடும் என்பது நமக்கு இருக்கும் ஒரே சாதகம். தோப்பில் மூன்று இடம் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவேன். உறைபனி இறுகிய பிறகு நோய்க்குறி தென்படாதவரை நிறுத்துவதில்லை. படம் எடுக்கப் போகாத நாளிலும் தீனி மட்டும் போய்ச் சேரும், மார்ச் கடைசி வரை. மத்தியானம் இரண்டரை மணிக்கு, வெளிச்சம் இன்னும் நன்றாக இருந்தாலும், மூட்டையைக் கட்டிவிடுவேன். இருட்டுவதற்கு முந்திய அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அவை ராத்திரிக்கு விறகு சேர்க்கின்றன. அந்த நேரத்தில் நான் புதரை அசைத்துக்கொண்டு வெளியே வரக் கூடாது. மாலை வெயிலில் எடுத்த படம் ஒன்றும் உன்னிடம் இல்லையே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கேள்வி நேரத்தில் மாணவர்கள் கேட்டதில் இரண்டை இங்கே சேர்த்துவிடச் சொல்லி மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டார்கள்.

"நம்ம ஊர்ல பனி கிடையாதே சார், இங்க இதைச் செய்ய முடியுமா?" என்று ஒரு மாணவி கேட்டார். தாராளமாக. நமக்கும் குளிர்கால விருந்தாளிகள் உண்டு. ஆறுமணிக் குருவி தெரியுமா? தோட்டக்கள்ளன் என்றும் சொல்வோம். ஒன்பது நிறம் பூசிக்கொண்டு, குட்டை வாலோடு, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் விசில் அடிக்கும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபர் வாக்கில் நம் பக்கமும் இலங்கைக்கும் வரும். நேற்று மாலை விடுதிக்குப் பின்னால் உள்ள தோப்பில் அதன் குரலை நானே கேட்டேன். அங்கே தீனி எதுவும் வைக்க வேண்டாம். அதன் தீனி உதிர்ந்த சருகுக்குக் கீழேதான் இருக்கிறது, புழுவும் பூச்சியுமாக. ஆகவே தோட்டக்காரரிடம் சொல்லி, தோப்பின் ஒரு மூலையிலாவது சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் விடச் சொல்லுங்கள். அகலமான மண்சட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர், தினமும் கழுவி ஊற்றியது. கூடாரம் தாழ்வாக, பறவையின் கண் மட்டத்தில். செல்போனில் அதன் குரலைப் போட்டு இழுக்காதீர்கள். நெடுந்தூரம் பறந்து வந்து இளைத்துப்போன ஜீவனை இல்லாத எதிரியோடு சண்டைக்குக் கூப்பிடுகிற வேலை அது. காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. நம் தோப்புக்கு முதல்வர் அனுமதி போதும். முன்வரிசையில் அவர் தலையாட்டியதை நான் மேடையிலிருந்து பார்த்தேன். சாட்சிக்கு நீங்கள் எல்லாரும் இருக்கிறீர்கள்.

"லென்ஸ் விலை என்ன சார்?" என்று இன்னொருவர். கேட்காமல் இருப்பது நல்லது. நம் மா. கிருஷ்ணன் (1912-1996), தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதிய மாமனிதர், பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்து, அதிலேதான் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். என்னுடைய பழைய 300 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையும், அது பொருந்துகிற கேமராவையும், இலை நிறத் துணி ஆறு மீட்டரையும் விலங்கியல் துறையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். துறைத் தலைவரிடம் நோட்டில் கையெழுத்துப் போட்டு யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். திருப்பித் தரும்போது லென்ஸை ஈரத்தோடு பையில் போடாதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரே மாதத்தில் பூஞ்சை பிடித்துவிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்திருக்கிறேன். அது நிறம் மாறினால் சட்டியில் போட்டு இளஞ்சூட்டில் வறுத்து எடுத்து மறுபடி வைத்துவிடுங்கள்.